டெக்குக்குக் கீழே விழும் மழை

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸ், பிக்கறிங் பக்கம் சரிவான காணிகளில் கட்டிய வீடுகளைப் பின்பக்கமாக நின்று பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். குசினிக் கதவைத் திறந்தால் நேரே மர டெக். அதற்குக் கீழே எட்டு, ஒன்பது அடித் தாழ்வில் பேஸ்மென்ட் வாசல். மேலே வீட்டுக்காரர் கோடையில் பாபிக்யூ போடுவார். கீழே வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு வேலைக்குப் போவதற்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதற்கும் அந்த வாசல்தான். டெக் பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம் வரை இடைவெளி விட்டுத்தான் அடிக்கிறோம். தண்ணீர் நிற்கக்கூடாது, பலகை ஊதினாலும் இடம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியால் இறங்கும் மழை முழுவதும் கீழ்வாசலில்தான் விழுகிறது. மழை விட்ட பிறகும் வெகுநேரம் சொட்டும்.

நான் இந்தப் பகுதியில் டெக் கட்டும் தச்சுவேலைக்காரன். அடியில் தண்ணீரை வாங்கி வெளியே விடும் அமைப்பைப் போட்டுத்தரச் சொல்லி இப்போது பலர் கேட்கிறார்கள். கேட்பவர்களின் மனதில் இருப்பது பெரும்பாலும் ஒரு சீலிங்தான்.

“கீழால ஒரு தகரத்தை அடிச்சுவிட்டாப் போதாதோ தம்பி?” என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார்.

“அடிக்கலாம் அண்ணை. ஆனா தகரத்துக்கு மேல இருக்கிற மரம் என்ன ஆகும்?”

நான் சொல்ல நினைப்பது முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கீழே நிற்பவர் நனையாமல் இருப்பது பாதி வேலை. டெக்கைத் தாங்கும் சட்டகம் நனையாமல் இருப்பது மற்றப் பாதி. தண்ணீரை எந்த இடத்தில் மறிக்கிறோம் என்பதுதான் இரண்டையும் தீர்மானிக்கிறது.

டெக்கின் எலும்பு ஜாய்ஸ்ட் என்கிற தாங்குசட்டங்கள். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையாக நிற்கும். அவற்றின் ஒரு நுனி வீட்டுச் சுவரோடு பொருத்திய லெட்ஜர் பலகையில் தொங்கும், மறுபக்கம் தூண்களின் மேல் கிடக்கும் உத்திரத்தில் இருக்கும். தண்ணீரைச் சட்டங்களுக்கு மேலேயே மறிக்கலாம். அல்லது சட்டங்களை நனைய விட்டு, அவற்றுக்குக் கீழே மறிக்கலாம். சந்தையில் உள்ளவை அநேகமாக இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

புது டெக் என்றால் நான் முதலாவதையே வற்புறுத்துவேன். மேல்பலகை அடிப்பதற்கு முன், ஒவ்வோர் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பை ஏணை போலத் தொங்க விடுகிறோம். ட்ரெக்ஸ் நிறுவனத்தின் ரெயின்எஸ்கேப் இந்த வகை. விரிப்பின் தொய்வு வீட்டுப்பக்கம் குறைவாகவும் வெளிப்பக்கம் ஆழமாகவும் இருக்கும்படி விட்டால், சட்டங்கள் மட்டமாக இருந்தாலும் தண்ணீருக்கு வாட்டம் கிடைத்துவிடும். ஆழமான நுனியில் ஒரு வாய்க்குழாய். எல்லா வாய்க்குழாய்களும் உத்திரத்தோடு ஓடும் ஒரு பீலியில் இறங்கும்.

பக்கத்துப் பக்கத்து விரிப்புகள் சட்டத்தின் மேல்விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடத்தில் பியூட்டைல் டேப் ஒட்டுகிறோம். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. விளிம்பைத் துடைத்து, ஈரமில்லை என்று கையால் தடவிப் பார்த்து, டேப்பை உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். அதன் மேல்தான் பலகை வரப்போகிறது, ஒவ்வொரு திருகாணியும் அந்த டேப்பைத் துளைத்துத்தான் மரத்துக்குள் இறங்கும். பியூட்டைல் மென்மையான பிசின் மாதிரியான பொருள், திருகாணியின் உடம்பைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும். தைமாதக் குளிரிலும் இளக்கம் போகாது. மலிவுக்குத் தார் டேப் வாங்கிக்கொண்டு வந்து தருபவர்களிடம் நான் இதைப் பொறுமையாக விளக்குகிறேன்.

ஒழுக்கு வருவது அநேகமாகக் கைப்பிடித் தூண் விரிப்பைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறும் இடத்தில், அல்லது சுவர் ஓரத்தில். சுவர் ஓரத்தில் விரிப்பு லெட்ஜருக்கு மேலேறி, பிளாஷிங் என்கிற நீர்மறிப்புத் தகட்டுக்குக் கீழே நுழைய வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீர் எப்போதும் கீழ் அடுக்கின் முதுகில் விழ வேண்டும், வயிற்றுக்குள் போகக்கூடாது. லெட்ஜர் உழுத்தால் டெக் முழுவதும் சுவரை விட்டுப் பிரியும். டெக் இடிந்து விழுந்த விபத்துகள் பலவற்றில் முதலில் கைவிட்டது இந்த இணைப்புத்தான்.

பிளாஷிங்குக்கு எந்த உலோகம் என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. ஆர்செனிக் கலந்த பழைய மரப் பதப்படுத்தல் 2003 முடிவோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு வேலைகளுக்கு நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வந்த பதப்படுத்திய மரத்தில் செம்பின் அளவு கூட. செம்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தைத் தின்னும். ஆகவே வெறும் அலுமினியத் தகட்டைப் புது மரத்தில் நேரே வைத்து அடிக்கக்கூடாது. இடையில் ஒரு சவ்வு வேண்டும், அல்லது வினைல் பிளாஷிங் போட வேண்டும். திருகாணியும் அந்த மரத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே அடித்து முடித்த டெக்குக்கு இரண்டாவது வழிதான் மிஞ்சும். மேல்பலகையைக் கழற்ற யாரும் விரும்புவதில்லை. சட்டங்களுக்கு அடியில் வினைல் அல்லது அலுமினியப் பலகங்களைச் சரிவாகப் பொருத்துவோம். அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது வாட்டம் வேண்டும், நான் கால் அங்குலம் வைக்கிறேன். 12 அடி அகல டெக்கில் அது 3 அங்குல இறக்கம், தலை இடிக்காத உயரம் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். கீழிருந்து பார்க்க இது அழகாக இருக்கும். பலகத்தைக் கழற்றித் துப்புரவாக்கவும் முடியும், மேல்விரிப்பில் இந்த வசதி இல்லை. ஆனால் சட்டங்கள் ஒவ்வொரு மழைக்கும் நனைகின்றன, காற்றோட்டம் குறைந்த இடத்தில் மெதுவாகத்தான் காய்கின்றன. அதனால் பலகம் போடும் முன் ஒவ்வொரு சட்டத்தையும் கூரான ஆணியால் குத்திப் பார்ப்பேன். ஆணி சுலபமாக உள்ளே போனால் சீலிங் வேலை அங்கே நிற்கும். உழுத்த மரத்தை மூடி மறைத்து அழகாக்கித் தருவதற்கு நான் சம்மதிப்பதில்லை. கீழே ஒரு குடும்பம் நடமாடுகிறது.

வாங்கிய தண்ணீர் எங்கே போகும்? 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. 12 அடிக்கு 16 அடி டெக்கில் அந்த மழை விழுந்திருந்தால் ஏறத்தாழ 1,740 லிட்டர். முன்பு வாசல் முழுவதும் பரவி விழுந்த அவ்வளவு தண்ணீரும் இப்போது ஒரே குழாய் வழியாக ஒரே இடத்தில் கொட்டும். அந்த இடம் அத்திவாரத்தின் காலடியாக இருந்தால், வாசலைக் காய வைத்து பேஸ்மென்டுக்குள் வெள்ளத்தை அழைத்ததாகிவிடும். குழாயை வீட்டிலிருந்து ஆறடியாவது தள்ளி, நிலம் வெளியே சரியும் பக்கமாக விடுங்கள். பக்கத்து வீட்டுக் காணிக்குள் விடக்கூடாது. நிலத்தடிச் சாக்கடையோடு இணைக்கவும் கூடாது. ரொறன்ரோ மாநகரம் கூரைப் பீலிக் குழாய்களையே சாக்கடையிலிருந்து துண்டிக்கச் சொல்லி 2007இல் விதி கொண்டுவந்து, 2011 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. பெருமழையில் சாக்கடை நிரம்பி பேஸ்மென்டுகளுக்குள் திரும்பி ஏறியதுதான் காரணம்.

கீழே விளக்கு, விசிறி பூட்ட நினைப்பவர்கள் ஈரம் தாங்கும் வகையையே வாங்க வேண்டும். ஒன்ராறியோவில் அந்த வயரிங்குக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிப்பதும் கட்டாயம். பாபிக்யூ அடுப்பைக் கீழே கொண்டுவர வேண்டாம், வினைல் உருகும், விரிப்பு தீப்பற்றும்.

வேலைக்காரர் யாராக இருந்தாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். விரிப்பும் டேப்பும் முடிந்த அன்று, மேல்பலகை வருவதற்கு முன், ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு விரிப்பிலும் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே நின்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள், தண்ணீர் இதுவரை எங்கெங்கே சொட்டியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படி வாடகைக்கு இருந்த ஓர் அக்கா சொல்லித்தான் ஒரு வீட்டில் மழை பலகை இடுக்கால் மட்டுமல்ல, குசினிக் கதவு நிலைக்குக் கீழாலும் இறங்குகிறது என்று கண்டுபிடித்தோம். பலகை அடித்த பிறகென்றால் அதைத் திருத்த அரைவாசி டெக்கைக் கழற்ற வேண்டி வந்திருக்கும்.

பிறகு வருடத்தில் இரண்டு தடவை பீலியைப் பார்த்தால் போதும். வசந்தம் முடியும்போது மேப்பிள் விதைகள் பலகை இடுக்கால் இறங்கி வாய்க்குழாயில் சிக்கும். கார்த்திகையில் இலைகள். உறைபனி வருவதற்கு முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். அடைத்துக்கொண்ட குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும்.