1,500 மீட்டருக்குள்

உழவர்கரை நகராட்சியில் லாசுப்பேட்டையை ஒட்டியிருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இங்கிருந்து இயக்குவது 78 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். விமானம். இவ்வளவு பெயர்பெற்ற ஊருக்கு ஒரு ஏர்பஸ் 320 வரக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விடை இயற்பியலில் இருக்கிறது.

தரையைத் தொடும்போது ஏர்பஸ் மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வரும், ஏ.டி.ஆர். சுமார் 200. வித்தியாசம் கால் பங்குதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவதால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏர்பஸ்ஸில் ஒன்றரை மடங்கு ஆற்றலை அடக்கியாக வேண்டும். ஏ.டி.ஆருக்கு இன்னொரு வசதி: சக்கரம் தரையில் பட்டதும் சுழலித் தகடுகளின் கோணத்தையே திருப்பி, காற்றை முன்பக்கம் தள்ள வைக்கலாம்.

அதற்காக முழு ஓடுபாதையும் விமானியின் கணக்கில் வந்துவிடாது. ஐரோப்பிய விதிப்படி, இப்படிப்பட்ட சுழலி விமானம் நீளத்தின் 70 சதவீதத்துக்குள் நின்றுவிடும் என்று புறப்படும் முன்பே கணக்குக் காட்ட வேண்டும். ஜெட் என்றால் 60. அதாவது ஏ.டி.ஆருக்கு 1,500 மீட்டரில் 1,050. மழை பெய்து தரை நனைந்திருந்தால் தேவை இன்னும் 15 சதவீதம் கூடும். சற்று உயரமாகவோ வேகமாகவோ வந்துவிட்டால், தொடாமலே மேலெழும்பி மறுபடி சுற்றி வருவதே சரி. விமானிகள் இதை ‘கோ-அரவுண்ட்’ என்பார்கள். பயணிகள் இதைத் தடுமாற்றம் என்று நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அது நல்ல விமானியின் அடையாளம்.

இந்த முடிவுகளை எடுக்க மூளை விழித்திருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை உடல் தூங்கத்தான் கேட்கும். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, நள்ளிரவுத் தரையிறக்கங்களையும் குறைத்த இந்தியாவின் புதிய பணிநேர விதிகள் அதை ஒப்புக்கொள்கின்றன. அவை தாமதமாக வந்தவை என்பேன்.

இதே நிலையத்தில்தான் கடலோரக் காவல்படையின் விமான வளாகமும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 18 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சென்னையிலிருந்தபடி திறந்துவைத்தார். சேத்தக், துருவ் ஹெலிகாப்டர்களுக்கான வளாகம் இது. சேத்தக்கின் மூல வடிவம் பிரான்சின் அலூவெட், ஏ.டி.ஆர். உருவாவதும் அந்நாட்டின் துலூஸ் நகரில். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊருக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பயணிகள் விமானி வானிலை மோசமானால் வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். மீட்புக்குப் போகிறவருக்கு அழைப்பு வருவதே பெரும்பாலும் அந்த வானிலையில்தான். நிலவில்லாத இரவில் கடலுக்கும் வானத்துக்கும் எல்லைக்கோடு தெரியாது. உட்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம்தான் தலை திரும்புவதை நமக்குச் சொல்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் அத்திரவமும் குழாயோடு சேர்ந்து நகரத் தொடங்கிவிடும்; நேராகப் போவதாக உடல் சத்தியம் செய்யும். அப்போது உடலை நம்பாமல் கருவியை நம்பக் கற்பதே விமானிப் பயிற்சியின் கடினமான பகுதி.

எல்லாம் கற்ற பிறகும் இயந்திரம் கைவிடலாம். 2024 செப்டம்பர் 2 அன்று குஜராத்தின் போர்பந்தருக்கு அப்பால், ஒரு எண்ணெய்க் கப்பலில் காயம்பட்டவரை மீட்கப் போன காவல்படையின் துருவ் கடலில் விழுந்து மூவர் இறந்தனர். 2025 ஜனவரி 5 அன்று அதே போர்பந்தரில் இன்னொன்று விழுந்தது, மறுபடி மூவர். இரண்டாவது விபத்தில் உடைந்திருந்தது ‘ஸ்வாஷ்பிளேட்’: விமானியின் கையசைவைச் சுழலும் இறக்கைகளுக்குக் கொண்டுசெல்லும் தட்டு. அது போனால் எவ்வளவு தேர்ந்த கையும் இறக்கையை எட்டாது. நாடெங்கும் துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் சில மாதங்களில் அனுமதி திரும்பியது. கடல்மேல் பறப்பவர்களின் காத்திருப்பு அதற்குப் பிறகும் நீண்டது.