டைகருக்குத் தயிர் ஆகாது!

வாசல் கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று போர்டு மாட்டுகிற ஊர் நம் ஊர். ‘நாயின் காது ஜாக்கிரதை’ என்று யாராவது மாட்டியிருக்கிறார்களா? மாட்டலாம். கடிக்கிற வாயைவிட அரிக்கிற காது வீட்டை அதிகம் கலக்கும். அனுபவித்துச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு டைகர், காக்கர் ஸ்பேனியல் ஜாதி. வயசு நாலு. பெயர்தான் டைகர். கரப்பான்பூச்சியைக் கண்டால் பீரோவுக்குப் பின்னால் போய்விடுவான். அவனுக்கு ஒரே வருஷத்தில் 5 தடவை காதுத் தொல்லை. தலையை உதறுவான். சோபா விளிம்பில் காதைத் தேய்ப்பான். ராத்திரி 2 மணிக்குப் பின்னங்காலால் ‘டர்ர்ர்’ரென்று சொறிவான். கிட்டே போனால் புளித்த மாவு வாடை. சொட்டு மருந்து விட்டால் பத்து நாளில் சரியாகும். அடுத்த மாசமே மறுபடி ‘டர்ர்ர்’!

ஐந்தாவது தடவை, அக்கா பையன் ஆசையாகக் காதைத் தடவப் போக, டைகர் ஜன்மத்தில் முதல் முறையாக உறுமிப் பல்லைக் காட்டிவிட்டான். கடிக்கவில்லை. ஆனால், அப்பா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். ‘‘குழந்தை வந்து போற வீடு. தோட்டம் கீட்டம் இருக்கிறவங்களாப் பார்த்துக் கொடுத்துடுடா.’’

நான் மூணு மாசம் அவகாசம் கேட்டேன். ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘‘சரி’’ என்றார்.

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் செக்‌ஷனில் 11 பேர். வைத்தியம் 14 வந்தது. ‘‘நல்லெண்ணெயைக் காய்ச்சி இளஞ்சூடா விடுங்க சார்’’ என்றது அக்கவுன்ட்ஸ். ‘‘பூண்டைத் தட்டிப் போடு’’ என்றது டெஸ்பாட்ச். ‘‘அரிசிச் சோறை நிறுத்து. காதில் இருக்கிற காளானுக்கு அதுதான் தீனி’’ என்றார் மேனேஜர். அவர் நாய் வளர்த்ததே இல்லை. ஒருத்தர் மட்டும் உருப்படியாக, ‘‘தோல் வியாதி பார்க்கிற டாக்டரிடம் காட்டுப்பா. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க’’ என்றார். போனேன்.

டாக்டரம்மா முதலில் ஒரு படம் போட்டுக் காட்டினார். நாயின் காதுக் குழாய் ‘எல்’ எழுத்து மாதிரி. மேலிருந்து கீழே இறங்கி, சட்டென்று உள்பக்கம் திரும்புகிறது. கோடியில் செவிப்பறை. முட்டுச்சந்து! போதாததற்கு ஸ்பேனியலுக்குத் தொங்கும் காது வேறு. சதா கதவு சாத்திய அறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்?

காதிலிருந்து கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, ‘‘பாருங்க’’ என்றார். நிலக்கடலை வடிவத்தில் ஊதா நிறத்தில் ஒரு மாநாடே நடந்துகொண்டிருந்தது. மலாஸீஸியா என்கிற ஈஸ்ட். மலாஸே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

‘‘இவங்கதான் வில்லனா, டாக்டர்?’’

‘‘இல்லை. இவங்க நல்ல காதிலேயும் கொஞ்சம் பேர் குடியிருப்பாங்க. தோல் சிவந்து வீங்கி, ஈரமும் மெழுகும் சேர்ந்தா பெருகிடுவாங்க. மருந்து இவங்களைத்தான் விரட்டுது. தோல் ஏன் வீங்குதுன்னு யாரும் கேக்கலையே!’’

குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை. திரும்பத் திரும்பக் காது கெட்டால், பின்னால் வேறொரு காரணம் உட்கார்ந்திருக்கும். குட்டிகளுக்குக் காதுப் பூச்சியாக இருக்கலாம். உள்ளே போன புல் விதையாக இருக்கலாம். தைராய்டு குறைவாக இருக்கலாம். ஆனால், அடிக்கடி மாட்டுகிற ஆசாமி அலர்ஜிதான். அதிலும் தூசிப் பூச்சி, மகரந்தம் போன்ற சுற்றுப்புற அலர்ஜிதான் அதிகம். அதற்கு அடுத்தது சாப்பாடு. சில நாய்களுக்குச் சாப்பாட்டு அலர்ஜி வேறெங்கும் காட்டாமல் காதில் மட்டும் காட்டும். வெயில், மழை, பனி என்ற பேதமில்லாமல் வருஷம் முழுக்க அரித்தால் சாப்பாட்டின் மேல் சந்தேகப்படலாம்.

‘‘ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடலாமே?’’ என்றேன்.

‘‘சாப்பாட்டு அலர்ஜிக்கு ரத்தம், முடி, எச்சில் எதை டெஸ்ட் பண்ணாலும் நம்ப முடியாது, சார். ஒரே வழிதான். இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுப் பொருள். 8 வாரம். வேறே எதுவும் கூடாது.’’

ஏன் 8? 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, சாப்பாட்டு அலர்ஜி உள்ள நாய்களில் 5 வாரத்தில் 80 சதவீதம்தான் தேறுகின்றன. 8 வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல். 2016ல் இன்னொரு தொகுப்பு, 297 நாய்களின் கணக்கைப் பார்த்தது. குற்றவாளிப் பட்டியலில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. இரண்டாவது இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

டைகர் கோழி, முட்டை, பால், தயிர் சாதம், பிஸ்கட் எல்லாம் பார்த்தவன். முள் பயத்தால் மீன் மட்டும் கொடுத்ததில்லை. ஆகவே, முள் எடுத்து வேகவைத்த மீனும், சர்க்கரைவள்ளிக் கிழங்கும். உப்பு, மசாலா, வெங்காயம் கிடையாது. (சமைக்க முடியாதவர்களுக்கு, புரதத்தை அடையாளம் தெரியாதபடி பொடிப்பொடியாக உடைத்துச் செய்த விசேஷத் தீனி மூட்டை இருக்கிறது. விலை கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.)

‘‘நமக்கே மீன் ஞாயித்துக்கிழமைதான். இவனுக்கு டெய்லியா?’’ என்றாள் அம்மா. வஞ்சிரம் இல்லை, சாதா பாறைதான் என்று சமாதானம் சொன்னேன்.

மீனாவது பரவாயில்லை; வீட்டைக் காவல் காப்பதுதான் கஷ்டம். ஒரு வாய் தப்பினாலும் கணக்கு கெட்டுவிடும். பாட்டி, ‘‘பாவம், வாயில்லா ஜீவன்’’ என்று தயிர் சாதத்தோடு வருவாள். மாடி வீட்டு மாமா, ‘‘ஒரே ஒரு பிஸ்கட்தானே தம்பி!’’ என்பார். சிக்கன் வாசனை சேர்த்த பூச்சி மாத்திரைகூடக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் காலண்டர் ஒட்டி, தினம் ஒரு நாளை அடித்தேன். பாட்டியைக் கட்சி மாற்ற ஒரே வழி, மீன் வேளைக்கு அவளையே இன்சார்ஜ் ஆக்கியதுதான். அப்புறம் மாடி மாமாவைப் பாட்டியே விரட்டினாள்!

கூடவே காது மருந்தும் நடந்தது. ஆறாவது வாரம் ராத்திரி ‘டர்ர்ர்’ நின்றது. எட்டாவது வாரம் மைக்ராஸ்கோப்பில் மாநாடு கலைந்திருந்தது.

‘‘முடியலை’’ என்றார் டாக்டரம்மா. ‘‘குணமானது மருந்தாலயா, சாப்பாட்டாலயா? பழைய சாப்பாட்டை ஒவ்வொண்ணாத் திரும்பக் கொடுத்துப் பார்க்கணும்.’’

கோழி இரண்டு வாரம், ஒன்றுமில்லை. அடுத்து, தயிர் சாதம். நாலாவது நாள் காது சிவந்தது. ஐந்தாவது நாள் ‘டர்ர்ர்’! நிறுத்தினோம், அடங்கியது. பாலில் உள்ள சர்க்கரை அல்ல, புரதம்தான் அவனுக்கு ஆகவில்லை. அதனால் தயிர், மோர், பால் பவுடர் கலந்த பிஸ்கட் எல்லாமே அவுட்.

பாட்டிக்குத்தான் தாங்கவில்லை. ‘‘தயிர் சாதம் ஒத்துக்கலையா? அப்ப இது நம்ம வீட்டு நாயே இல்லை!’’

அக்கா பையன் இப்போது டைகரின் காதைத் தாராளமாகத் தடவுகிறான். அப்பா தீர்ப்பை வாபஸ் வாங்கிவிட்டார். வாய் திறந்து சொல்லவில்லை; மார்க்கெட்டிலிருந்து வரும்போது கிழங்கு வாங்கி வந்தார். போதாதா?

நாய் வளர்க்கும் நண்பர்களே, சில விஷயங்கள்:

காதுக்குள் பட்ஸ் விடாதீர்கள். அழுக்கு வெளியே வராது, முட்டுச்சந்துக்குள் போகும். டாக்டர் சொன்ன திரவத்தை நிறைய ஊற்றி, காதின் அடிப்பாகத்தை அரை நிமிஷம் பிசையுங்கள். ‘சளக் சளக்’ என்று சத்தம் வரும். பிறகு அவனே உதறுவான். வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். ஆபீஸ் சட்டையோடு இதைச் செய்ய வேண்டாம்.

போன தடவை மிச்சமிருந்த மருந்தை விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால், சில மருந்துகள் காதையே செவிடாக்கும். நிறுத்துவதையும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

காது மடல் தலையணை மாதிரி வீங்கினாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடினாலோ அன்றைக்கே ஓடுங்கள். வருஷக்கணக்கில் விட்டால் குழாய் தடித்து, ஆபரேஷனில் குழாயையே எடுக்கிற நிலைமை வரும். சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில், 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

மீனும் கிழங்கும் பரிசோதனைக்குத்தான். ஆயுசு முழுக்க அதுவே போதாது. கால்சியம் உள்பட பல சத்து குறையும். நிரந்தர மெனுவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எந்த நாய்க்கும் எப்போதும் கூடாது.

கடைசியாக ஒன்று. பத்தியம் ஆரம்பிக்கும் முன் நாயைக் கட்டிப்போட வேண்டாம். வீட்டில் இருக்கிற பெரியவர்களின் கையைக் கட்டிப்போடுங்கள். பாதி வியாதி அங்கேயே குணம்!