ஓடிக் கரைத்ததைச் சாப்பிட்டு ஈடுகட்டலாமா?

விடிகாலையில் பெங்களூரு ஆஸ்டின் டவுன் மைதானத்தைச் சுற்றி நடப்பவர்களும், வேலை முடிந்து ஈஜிப்புரா பக்கத்து ஜிம்முக்குப் போகும் இளைஞர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இன்னிக்கு 350 கலோரி எரிச்சிருக்கேன்னு வாட்ச் காட்டுது. அந்த 350-ஐ ராத்திரி சேர்த்துச் சாப்பிடலாமா?”

பார்வைக்குச் சின்னக் கேள்வி. இதில் ஒரு பக்கம் தவறினால், மாதக்கணக்கில் உழைத்தும் எடை குறையாமல் மனம் உடைந்து உடற்பயிற்சியையே விட்டுவிடுவார்கள். மறுபக்கம் தவறினால் மயக்கம், எலும்புத் தேய்வு, மாதவிடாய் நிற்பது வரை போகும். விவேக் நகரில் கணினி முன் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவரும் இருக்கிறார்; கோரமங்கலாவில் நான்கு வீடுகளைப் பெருக்கித் துடைத்துவிட்டு வருபவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

சுருக்கமான பதில் இது: உட்கார்ந்து வேலை செய்யும், பெரிய நோய் எதுவும் இல்லாத ஒருவர், ஒரு மணி நேர நடைக்காகக் கூடுதலாகச் சாப்பிட வேண்டியதில்லை. நீண்ட நேரம் கடுமையாக உழைப்பவர்கள், சர்க்கரைக்கு ஊசியோ சிலவகை மாத்திரையோ எடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் உணவைக் குறைப்பது ஆபத்து.

வாட்ச் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மணிக்கட்டில் கட்டும் கருவி கலோரியை அளப்பதில்லை. இதயத் துடிப்பு, கையசைவு, நாம் பதிந்த வயது, எடை ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டிய அந்தக் கருவிகள், கலோரியில் தடுமாறின. இருப்பதில் நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது; மோசமான கருவி 93 சதவீதம் பிசகியது. கருவிகள் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கலாம். ஆனாலும் அவை தருவது ஊகம்தான். அந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை நம்பிச் சாப்பிடுவது சரியல்ல.

இரண்டாவது சிக்கல் இரட்டைக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 210 கலோரி செலவாகும். அதே ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்குமாக 60 கலோரி போயிருக்கும். ஆக, நடந்ததால் கிடைத்த உண்மையான கூடுதல் 150 கலோரிதான். பல ஆப்களும் டிரெட்மில்களும் மொத்தத் தொகையையே காட்டுகின்றன. அந்த 60 கலோரி உங்கள் அன்றாட உணவு அளவில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. நடை முடிந்து பேக்கரியில் ஒரு பப்ஸும் சர்க்கரை போட்ட டீயும் எடுத்தால் 350 கலோரியை நெருங்கிவிடும். நடந்து கரைத்ததைப்போல் இரண்டு மடங்கு.

மூன்றாவது, உடலே செய்யும் சிக்கனம். 1,754 பேரின் அன்றாட ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, உடற்பயிற்சியில் செலவாகும் ஆற்றலில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் மற்ற வேலைகளில் மிச்சம்பிடித்துக்கொள்கிறது என்று கண்டது. உடலில் கொழுப்பு அதிகமுள்ளவர்களிடம் இந்த மிச்சம்பிடிப்பு இன்னும் கூடுதலாக இருந்தது. காலையில் கடுமையாக ஓடியவர் மாலையில் தன்னை அறியாமலே குறைவாக அசைவதும் நடக்கும்.

நம் உடலுக்கு நம் கணக்கு

நான்காவது சிக்கல் விவேக் நகருக்குப் பக்கத்திலேயே ஆராயப்பட்டது. கோரமங்கலாவில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பிரகாஷ் ஷெட்டி, மரியோ சோரஸ் ஆகியோரின் குழு, ஓய்வில் இருக்கும்போது இந்தியர்களின் உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று நேரடியாக அளந்தது. உலக அமைப்புகள் அன்று பரிந்துரைத்த சூத்திரங்கள், இந்தியர்களின் ஆற்றல் செலவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகின்றன என்பது 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட முடிவு. வெளிநாட்டு ஆப்கள் பெரும்பாலும் அந்த நாட்டவரிடம் எடுத்த அளவுகளிலிருந்து பிறந்த சூத்திரங்களைத்தான் பயன்படுத்துகின்றன. தினசரி இலக்கே சற்று தாராளமாக இருக்கும்போது, அதன்மேல் வாட்ச் கலோரியையும் கூட்டினால் எடை குறையாது.

இந்தியர்களுக்கு எச்சரிக்கைக் கோடும் வேறு. உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-இல் உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் 2009-இல் வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தராசைவிட இந்த இஞ்ச் டேப் சில சமயம் அதிக உண்மை சொல்லும்.

யார் கட்டாயம் சாப்பிட வேண்டும்?

*உடல் உழைப்பாளிகள்.* தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் நாளுக்கு 1,660 கலோரி, மிதமான உழைப்பென்றால் 2,130, கடும் உழைப்பென்றால் 2,720 தேவை. வீடு பெருக்கித் துடைப்பது மிதமான நடைக்கு நெருங்கிய உழைப்பு. பகல் முழுக்க அதைச் செய்யும் ஒரு அக்கா, வாட்ஸ்அப்பில் வந்த 1,200 கலோரி டயட் அட்டவணையைப் பின்பற்றினால் நாளொன்றுக்கு 900 கலோரிக்கு மேல் பற்றாக்குறை ஏற்படும். தலைசுற்றலும் சோர்வும் முடிகொட்டுதலும் அதன் விளைவுகள். சித்தாள் வேலை செய்பவர்களுக்கும், சைக்கிள் மிதித்து டெலிவரிக்குப் போகும் தம்பிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உங்கள் வேலையே உடற்பயிற்சி. அதற்கான சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

*சர்க்கரை நோயாளிகள்.* 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்களும், ரம்ஜான் நோன்பு பிடிப்பவர்களும் மாத்திரை அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

*கர்ப்பிணிகள், தாய்மார்கள், வளரும் பிள்ளைகள்.* கர்ப்ப காலத்தின் நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு 350 கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 600 கலோரியும் கூடுதலாகத் தேவை. பிரசவ எடையை உடனே குறைக்கச் சொல்லி வரும் நெருக்குதலுக்கு இவர்கள் இணங்க வேண்டாம். கால்பந்து ஆடும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கலோரி எண்ணும் ஆப்பைக் கொடுக்கவே கூடாது.

*நீண்ட நேரம் பயிற்சி செய்பவர்கள்.* மாரத்தானுக்குத் தயாராகிறவர்களும், வேளாங்கண்ணிக்கு நாள்கணக்கில் நடந்து போகிறவர்களும் செலவழித்ததை உணவால் ஈடுகட்டியே ஆக வேண்டும். தொடர்ந்து பற்றாக்குறையில் ஓடினால் மாதவிடாய் தவறும், எலும்பில் நுண்முறிவு வரும், அடிக்கடி சளி பிடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இதைத் தனி நோய்நிலையாகவே அறிவித்து எச்சரித்து வருகிறது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது

முதலில் உங்கள் தினசரி இலக்கு எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். ஆப்பில் பதியும்போது “வாரம் ஐந்து நாள் உடற்பயிற்சி செய்கிறேன்” என்று குறித்திருந்தால், நடையும் ஓட்டமும் அந்த இலக்கிலேயே அடங்கிவிட்டன. மறுபடி ஒரு கலோரிகூடச் சேர்க்க வேண்டாம். “உட்கார்ந்த வேலை” என்று குறித்திருந்தால் இரண்டு வழி உண்டு. ஒரு மணி நேரத்துக்குட்பட்ட நடைக்கு எதுவும் சேர்க்காதீர்கள். தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், கால்பந்து, சைக்கிள் என்று போன நாளில், வாட்ச் காட்டியதில் பாதிக்கு மேல் போகாதீர்கள்.

சேர்த்துச் சாப்பிடுவது எது என்பதும் முக்கியம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் அன்றாடத் தேவை என்பது 2020 பரிந்துரை. நம் தட்டில் சோறு நிறைந்திருக்கும், பருப்பு குறைந்திருக்கும். அவித்த முட்டை, சுண்டல், தயிர், ஒரு மீன் துண்டு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் தசையும் காக்கப்படும், பசியும் அடங்கும். புரதப் பொடி டப்பாக்களைத் தவிர்க்கும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி அறிவுறுத்துகிறது.

பிறகு, நான்கு வாரம் பொறுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பாருங்கள். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் சாப்பாட்டைக் கூட்டுங்கள். துளியும் அசையவில்லை என்றால் சேர்த்ததைக் குறையுங்கள். வாட்ச் ஊகிக்கிறது, உங்கள் உடம்பு நான்கு வாரத்தில் காட்டும் விடைதான் உறுதியானது.

உங்கள் உரிமைகள்

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வொரு பதார்த்தத்தின் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. மெனுவில் காணவில்லையென்றால் கேளுங்கள். பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இல்லாத “கொழுப்புக் கரைப்பான்” பொடிகளை வாங்காதீர்கள்.

மருந்தால் உடல் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். சமூக ஊடகத்தில் உடல்நல ஆலோசனை சொல்கிறவர், தாம் தகுதி பெற்றவரா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் பயிற்சியாளர் டயட் அட்டவணை எழுதித் தந்தால், ஊட்டச்சத்தில் என்ன படித்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டின் சட்டம் டயட்டீஷியனை ஒரு மருத்துவத் துறைத் தொழிலாகவே வகைப்படுத்துகிறது.

“ஒரு மாதத்தில் பத்து கிலோ, இல்லையேல் பணம் வாபஸ்” என்று சொல்லி வாங்கிய பணத்தைத் தர மறுத்தால், ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை.

இன்னொரு உதவியும் தெரிந்திருக்க வேண்டும். சாப்பிட்டதற்குத் தண்டனையாக நள்ளிரவில் ஓடுவது, ஒரு நாள் பயிற்சி தவறினால் பட்டினி கிடப்பது, தட்டைக் கண்டாலே குற்றவுணர்வு என்றெல்லாம் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கண்டால், அதைக் கட்டுப்பாடு என்று பாராட்டாதீர்கள். அது நோயின் தொடக்கமாக இருக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நம் ஊர் நிம்ஹான்ஸ்தான் அந்தச் சேவைக்குத் தலைமை மையம்.

எடை அசையாவிட்டாலும் நடங்கள்

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த அவர்களில், உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. நடையின் பலன் தராசில் மட்டும் தெரிவதல்ல. இதயத்துக்கும் ரத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அது சேர்க்கும் நன்மையை எந்த வாட்ச்சும் எண்ணிக் காட்டாது.

ஆகவே உடற்பயிற்சியைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் விலையாக நினைக்க வேண்டாம். எடை குறைய அளவோடு உண்ணுங்கள்; நலமாக இருக்க நடங்கள். இரண்டையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொண்டால் இரண்டுமே நிலைக்கும். சந்தேகம் வந்தால், ஆப்பைத் திறப்பதற்கு முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார மையத்தில் ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, அங்கே இருக்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.