64 ஜி.பி. வாங்கினால் 59தான் காட்டுது! மீதி எங்கே போச்சு?

நெய்வேலி: அட்டையில் 64 ஜி.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த மெமரி கார்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகினால் 59.6 ஜி.பி. என்று காட்டுகிறது. "என்னய்யா, எடையில கை வச்சிட்டீங்களா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தோன்றும்.

நெய்வேலி மெயின் பஜாரில் வாங்கினாலும் இதே கதைதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இதே கதைதான்.

கடைக்காரர் எடுக்கவில்லை. கம்பெனியும் எடுக்கவில்லை. அப்படியானால் நாலு ஜி.பி.க்கு மேல் எங்கே போச்சு?

இரண்டு டன்

நகரியத்துவாசிகளுக்கு டன் கணக்கு அத்துப்படி. அந்த டன்னிலேயே இரண்டு உண்டு. பழைய பிரிட்டிஷ் டன் 1016 கிலோ. மெட்ரிக் டன் 1000 கிலோ. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவான அதே 1956-ல்தான் நாட்டில் மெட்ரிக் எடைக்குச் சட்டம் வந்தது.

மெட்ரிக் கணக்கில் 1016 டன் நிலக்கரி, பிரிட்டிஷ் கணக்கில் 1000 டன்தான். நடுவில் யாரும் 16 டன்னை அள்ளிக்கொண்டு போகவில்லை!

மெமரி கார்டிலும் இதே தகராறுதான்.

வந்தது வினை!

கார்டு செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. அதன் கணக்கில் 1 ஜி.பி. என்றால் 100 கோடி பைட்.

கம்ப்யூட்டருக்கோ இரண்டு இரண்டாகப் பெருக்கித்தான் பழக்கம். 2, 4, 8 என்று பத்து படி ஏறினால் 1024. ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையும் 'கிலோ' என்றே பழைய என்ஜினீயர்கள் கூப்பிட்டார்கள். வந்தது வினை!

அந்தக் கணக்கில் 1 ஜி.பி. என்பது 107 கோடியே 37 லட்சம் பைட்டுக்கு மேல். விண்டோஸ் கம்ப்யூட்டர் இந்தப் பெரிய படியால்தான் அளக்கிறது. படி பெரிசானால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? சரக்கு அதேதான்!

ஆகவே 32 ஜி.பி. வாங்கினால் 29.8 காட்டும். 128 வாங்கினால் 119. ஆயிரம் ஜி.பி. ஹார்டு டிஸ்க் 931.

குழப்பம் வேண்டாம் என்று 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப்பெயர் வைத்தது. விண்டோஸ் பழைய பெயரை விடவில்லை. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்கள் 2009 முதல் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டன. அதே கார்டை மேக்கில் சொருகினால் 64-ஐ ஒட்டியே காட்டும்.

கோர்ட்டு வரை போச்சு

அமெரிக்காவில் ஹார்டு டிஸ்க் வாங்கியவர்கள் இதற்காக கோர்ட்டுக்கே போனார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி 2006-ல் இலவச மென்பொருள் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

செல்போனில் இன்னொரு கழிவும் உண்டு. போனை இயக்கும் மென்பொருளும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். 128 ஜி.பி. போனில் அத்தனையும் நம் படத்துக்குக் கிடைக்காது.

எது மோசடி?

நூற்றுக்கு ஏழு குறைந்தால் மோசடி இல்லை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது வேறு சரக்கிடம்!

அடிமாட்டு விலைக்கு '1000 ஜி.பி.' பென் டிரைவ் என்று விற்பார்கள். சொருகினால் கணக்கு சரியாகவே காட்டும். உள்ளே இருப்பதோ சொற்ப இடம். பொய் சொல்லும்படி உள்ளிருக்கும் சில்லை மாற்றியிருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகும் 'பதிவாகிறது' என்றே சொல்லும். பிறகு திறந்து பார்த்தால் கல்யாண வீடியோ அம்போ!

புதிதாக வாங்கியதில் உடனே ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள். முழுக்க நிரப்பி, கடைசியில் போட்ட படம் வரை திறக்கிறதா என்று பாருங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாந்தது உறுதியானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம்.

59-க்காகக் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். 64 என்று வாங்கி 30 காட்டினால் விடாதீர்கள்!