பால்வீதியில் படிந்த தூசி

ஆடி அமாவாசையை அடுத்த ஓரிரவு, திருவரங்குளத்தில் விளக்கொளி எட்டாத வயல்வரப்பில் நின்று தென்திசை நோக்கினோம். விருச்சிகத்தின் கொடுக்கருகே பால்வீதி வெண்புகைபோல் எழுந்து நின்றது. உடன் வந்த சிறுவன், "நடுவில் கிழிந்திருக்கிறதே!" என்றான். அவன் கண் பிழைபடவில்லை. வெண்பட்டையைக் கருங்கோடு ஒன்று நெடுகப் பிளந்து செல்கின்றது.

இத்தகைய இருள்திட்டுகளை வானத்தின் துளைகள் என்றே வில்லியம் ஹெர்ஷல் எண்ணினார். உரோமையில் விண்ணாய்வு நடத்திய இயேசு சபைத் துறவி ஆஞ்செலோ செக்கி (1818-1878) அதனை ஏற்கவில்லை. ஒளிரும் பின்னணியின் முன் கரிய பொருள் நின்று மறைக்கின்றது என்றார். ஐயம் தீர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் என்பார் விண்மீன் கொத்துகளை அளந்தார். ஒளியின் மங்கலைக் கொண்டு தொலைவைக் கணித்தபோது, தொலைவிலுள்ள கொத்துகளெல்லாம் அருகிலுள்ளவற்றினும் பருத்துத் தோன்றின. நம்மைவிட்டு விலக விலக அவை ஏன் பருக்க வேண்டும்? இடையிலுள்ள தூசி ஒளியை விழுங்கியதால், உள்ள தொலைவினும் மிகுந்த தொலைவு கணக்கில் விழுந்ததே காரணம். இத்தூசியைக் கருதாமையால் முன்னர்க் காப்டெய்ன் பால்வீதியைச் சுருக்கினார். ஷாப்லியோ மூன்று லட்சம் ஒளியாண்டு அகலம் என்றார். பெரும் அறிஞர் இருவரும் எதிரெதிர்த் திசையில் வழுவினர்!

முதிய விண்மீன்கள் உமிழ்ந்த சிலிக்கேட்டும் கரியுமே இத்தூசி. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அதன் துகள் ஏறத்தாழ அவ்வளவே. நீல ஒளியை மிகுதியாகச் சிதறடித்துச் செவ்வொளியை ஓரளவு விடுவதால், அப்பால் உள்ள விண்மீன், மாலைக் கதிரவன்போல் சிவந்து மங்கும்.

பிற சுருள் மண்டலங்களிலும் இதுவே நிலை. கன்னி ராசித் திசையிலுள்ள சோம்ப்ரெரோவைப் பக்கவாட்டில் காண்கின்றோம். அதன் தட்டின் விளிம்பில் கரும்பட்டி ஓடுகின்றது. ஒரு மண்டலத்தின் பின்னே மற்றொன்று அமைந்த இடங்களில், முன்னதன் தூசியைப் பின்னதன் ஒளியே காட்டிக்கொடுக்கும். கரங்களில் தூசி அடர்ந்தும், கரங்களின் இடைவெளியில் மெலிந்தும் இருப்பது அவ்வாறே தெளிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரும், பால்வீதி ஒளியின் ஏற்றத்தாழ்வு பற்றி 1950 முதல் கூட்டாகக் கணிதக் கட்டுரைகள் வெளியிட்டார்.

பால்வீதியின் மையம் சுமார் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. அங்கிருந்து கிளம்பும் கண்ணுறு ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்கே நம்மை எட்டுகின்றது. அகச்சிவப்புக் கதிரோ தூசியூடே வந்துவிடும். அதன் துணைகொண்டு மைய விண்மீன்களைப் பல்லாண்டு கண்காணித்து, அவற்றைச் சுழற்றும் பெருநிறைப் பொருளைக் கண்ட ஆண்ட்ரியா கெஸ், ரெயின்ஹார்டு கென்செல் இருவரும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அவ்விடம் விருச்சிகக் கொடுக்குக்குச் சற்று மேலே உள்ளது. சிறுவனுக்கு விரல் நீட்டிக் காட்டினோம். அவனுக்கு அங்கே இருளே தெரிந்தது.