இல்லக் கோப்புறை

தம்போய் மாணவர் ஒருவர், நாளை அருகிலுள்ள ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயிலலாம். பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்வதுண்டு. அத்தகைய கணினிகள் பெரும்பாலும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் இயங்குகின்றன.

ஒருவரின் தவறான கட்டளை அனைவரின் ஆய்வையும் முடக்கிவிடலாம். எனவே, பொதுப் பகுதியை மாற்றும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. எனினும், ஒவ்வொரு பயனருக்கும் ‘இல்லக் கோப்புறை’ எனும் தனியிடம் வழங்கப்படுகிறது. ‘கோண்டா’ என்னும் கருவியை அங்கே நிறுவினால், பைத்தான் போன்ற அறிவியல் மென்பொருள்களை நிர்வாகியின் கடவுச்சொல் இன்றியே சேர்க்கலாம். ஒவ்வோர் ஆய்வுக்கும் தேவையான பதிப்பைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். நிறுவியதில் பிழை நேர்ந்தால், அதனை மட்டும் நீக்கினால் போதும். பிறர் பணி கெடாது.

இவ்வாறு, விதியை மீறாமலேயே நம் தேவையை நிறைவுசெய்துகொள்ளலாம்.