புதிய ஆற்றுப்படை
கலை, பண்பாட்டு அமைப்புகள் நல்கை பெறும் நெறி

பத்துப்பாட்டு நூல்களுள் சரிபாதி ஆற்றுப்படை இலக்கியங்கள் என்பதை நம் மாணவர் அறிவர். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிலே எதிர்ப்படும் வறிய கலைஞனை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. அது வெறும் புகழ்ச்சியன்று. எந்த வழியே செல்லவேண்டும், இடையில் எத்தகைய நிலங்கள் உள, கொடுப்போனின் இயல்பு யாது என்பனவற்றையெல்லாம் அது விரித்துரைக்கும். கலையை வளர்க்கும் பொருளைத் தேடிச் செல்வோர்க்கு வழியறிவு வேண்டும் என்பதை நம் முன்னோர் ஓர் இலக்கிய வகையாகவே வகுத்து வைத்தனர். இக்காலத்துக்குரிய அவ்வழியை நம் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்கை என்பது யாது?

ஒருவர் மனமுவந்து கொடுப்பது நன்கொடை. வணிக நிறுவனம் தன் பெயர் விளங்கும்பொருட்டுக் கொடுப்பது விளம்பரக் கட்டணம். குறித்த ஒரு பணியை, குறித்த காலத்துள், குறித்த செலவில் முடித்துக் கணக்குக் காட்டுவதாக உறுதியளிக்கும் அமைப்புக்கு வழங்கப்படுவது நல்கை. இலங்கையில் இதனை மானியம் என்பர். நல்கையைத் திருப்பித் தரவேண்டியதில்லை. ஆனால் சொன்ன பணியைச் செய்து முடித்தே ஆகவேண்டும். ஆதலின் நல்கை கேட்பது இரத்தலாகாது. அது ஓர் உடன்படிக்கை. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், கேட்பதற்கு நாணும் நம்மவர் வழக்கம் நீங்கும்.

முதலில் சட்டம்

நாம் வாழும் இந்நாட்டில் முதலில் அறியவேண்டுவது சட்டத்தின் எல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் நன்கொடை திரட்டுதலை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 2021 ஆம் ஆண்டு வந்தது. உரிமம் பெற்ற அமைப்புகளே நன்கொடை திரட்டலாம். தனியாள் எவரும் திரட்டலாகாது. துபாயில் இதற்கென 2015 ஆம் ஆண்டிலேயே தனி ஆணை பிறப்பிக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு வாட்ஸ்அப் குழுவிலே “ஆளுக்கு நூறு திர்காம்” எனக் கேட்பதும் குற்றமாக முடியக்கூடும். சிறையும் பெருந்தொகை அபராதமும் இதற்குரிய தண்டனைகள். ஒரு குடும்பத்தின் பிழைப்பே விசாவில் தங்கியிருக்கும் நாட்டில் இதனைச் சிறிதென எண்ணலாகாது. வளைகுடாவின் பிற நாடுகளிலும் உரிமமின்றி நிதி திரட்ட இடமில்லை.

அவ்வாறாயின் சிறு அமைப்பு என் செய்வது? உரிமம் பெற்ற ஒரு கூரையின் கீழ்ச் செல்வதே வழி. ஷார்ஜா இந்தியச் சங்கம், அபுதாபியின் இந்திய சமூக, பண்பாட்டு மையம், மஸ்கட் இந்திய சமூகக் கழகத்தின் தமிழ்ப் பிரிவு போன்றவை இத்தகைய கூரைகளுக்கு எடுத்துக்காட்டுகள். உரிமம் இல்லாத குழு தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் இயலாது. கணக்கில்லாதவர்க்கு எந்தப் புரவலரும் நல்கை வழங்கார்.

புரவலர் யாவர்?

வளைகுடாவில் கலைக்குப் பொருள் உண்டு. ஆனால் ஒவ்வொரு வாயிலுக்கும் ஒவ்வொரு நியதி உண்டு. 2009 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஷார்ஜா கலை அறக்கட்டளை, புதிய கலைப்படைப்புகளை ஆக்குவோர்க்கு நல்கை வழங்கி வந்துள்ளது. பெய்ரூட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 2007 இல் எழுந்த கலை, பண்பாட்டுக்கான அரபு நிதியம் அரபுலகக் கலைஞர்க்கு உரியது. அவ்வாயிலில் நாம் நிற்பது வீண். போரினால் இடருறும் மரபுச் செல்வங்களைக் காக்கும் ‘அலிஃப்’ என்னும் அறநிறுவனம், பிரான்சும் அமீரகமும் முன்னின்று முயன்றதன் பயனாக 2017 இல் ஜெனீவாவில் தோன்றியது. அழிந்துபோகும் நிலையிலுள்ள ஆவணங்களைப் படியெடுக்கப் பிரித்தானிய நூலகம் 2004 முதல் ஒரு திட்டத்தை நடத்தி வருகின்றது. அதன் பொருள் ஆர்காடியா என்னும் அறக்கட்டளையினுடையது. மூல ஆவணம் பிறந்த நாட்டைவிட்டு நீங்கலாகாது. படிகளே பகிரப்படும் என்பது அத்திட்டத்தின் சிறந்த விதி. பாடநூல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை நாடுவோர்க்கு, தமிழ்நாடு அரசு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே 2022 இல் தொடங்கிய தமிழ்ப் பரப்புரைக் கழகம் உண்டு.

பணி முந்தும், பொருள் பிந்தும்

புரவலர் துயரத்தைக் கண்டு பொருள் வழங்குவதில்லை. நடைபெறும் பணியைக் கண்டே வழங்குகின்றனர். இதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறே சான்று. 1933 இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் நூல்களைத் திரட்டிப் பிறர்க்கு வாசிக்கக் கொடுத்தார். மறு ஆண்டு அது வாடகை அறையொன்றிற் பொது நூலகமாயிற்று. பின்னர் ஊரவர் களியாட்டு விழா நடத்திப் பொருள் சேர்த்தனர். வெளிநாட்டார் உதவியும் வந்தது. 1959 இல் பெருங்கட்டடம் திறக்கப்பட்டது. ஒருவர் வீட்டு நூல்களில் தொடங்கிய அந்நூலகம் 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன.

அவ்விழப்பின் பாடத்தை உணர்ந்த இளைஞர் சிலர் 2005 இல் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினர். தொண்டர்களின் ஓய்வுநேரமே அதன் முதல் மூலதனம். ஆண்டுக்கணக்கில் உழைத்துக் காட்டிய பின்னரே, ஏட்டுச்சுவடிகளைப் படியெடுக்கும் பணிக்கு மேற்சொன்ன பிரித்தானிய நூலகத் திட்டத்தின் நல்கை கிட்டியது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994 இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகமும் அத்திட்டத்தின் துணையைப் பெற்றதே.

போரினால் இடம்பெயர்ந்த யான் ஆசிரியனாகப் பணிபுரிந்த பாடசாலையில் மாணவர் வரவுப் பதிவேடு ஒன்றுகூட எஞ்சவில்லை. அப்பிள்ளைகளின் பெயர்களை இன்று நினைவிலிருந்தே சொல்ல வேண்டியுள்ளது. படியெடுத்து வைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இதனினும் விளக்க வேண்டுவதில்லை.

விண்ணப்பம் எழுதும் முறை

“தமிழ்ப் பண்பாட்டை வளர்க்க உதவுக” என்று எழுதினால் எவரும் உதவார். அதில் அளவுமில்லை, முடிவுமில்லை. “வருகை விசாவில் இங்கு வரும் தாத்தா பாட்டியர் இருபதின்மரிடம் தாலாட்டு, நடவுப்பாட்டு, விடுகதை ஆகியவற்றைப் பத்து மாதங்களில் முப்பது மணிநேரம் ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, ஒரு நூலகத்தில் ஒப்படைப்போம்” என்று எழுதுக. படிப்போர் மனத்தில் பணி உருப்பெறும்.

விண்ணப்பத்தில் ஐந்து வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும். என்ன பணி? இப்பொழுதே செய்யவேண்டிய தேவை யாது? செய்வோர் யாவர், அவர்தம் தகுதி யாது? செலவு எவ்வளவு? நல்கை தீர்ந்தபின் பயன் எங்கே நிலைக்கும்? செலவுப் பட்டியலில் ஒலிப்பதிவுக் கருவி, சேமிப்பு வட்டு, எழுத்துப்பெயர்ப்பு, தணிக்கை எனத் தனித்தனியே காட்டுக. தொண்டர்களின் உழைப்பு நேரத்தையும் நம் பங்காகக் கணக்கிட்டுக் காட்டலாம். பாடுவோரின் எழுத்துமூல இசைவு முன்கூட்டியே பெறப்படல் வேண்டும். முதல் நல்கை சிறிதாக இருத்தல் நன்று. அதன் கணக்கைப் பற்றுச்சீட்டுகளோடு உரிய திகதிக்கு முன் ஒப்படைத்தோர்க்கே அடுத்த வாயில் திறக்கும்.

மாணவர்க்கு ஒரு பணி

மாணவச் செல்வங்களே, பெரும்பாலான விண்ணப்பங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டியவை. உங்கள் பெற்றோரினும் ஆசிரியரினும் நீங்கள் அதில் வல்லவர்கள். ஆனால் என்ன எழுதுவது என்பதைத் தமிழே தரவேண்டும். இவ்விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்து, பாடியவர் பெயர், ஊர், திகதி ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அத்தகைய பத்துப் பதிவுகள் நம் கையில் இருக்குமாயின், உரிமமுள்ள ஓர் அமைப்பின் துணையோடு நாம் எழுதும் முதல் விண்ணப்பத்துக்கு அவையே சான்றாக அமையும்.